பிணை முதலாளிக்கு, பேச்சுவார்த்தை தொழிலாளிக்கு!

கொள்ளை நோய் நாட்டைத் தாக்கும்போது அரசின் கருவூலம் திறக்கப்படுகிறது. திறக்கப்பட வேண்டியதுதான். பூட்டிய கருவூலத்தின் வாயிலில் மக்கள் மடிவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. ஆனால், திறந்த கதவு எந்தத் தெருவை நோக்கித் திறந்தது என்று கேட்கும் உரிமை, சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி செலுத்துகின்ற ஏழைக்கு உண்டு. அவன் கேட்கவில்லை, கேட்கக் கற்றுக்கொடுப்பாரும் இல்லை. எனவே நாம் கேட்கிறோம்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கு அரசின் ஆதரவு புதிதன்று. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட நம் பகுதித் தோல், முதல் உலகப்போரின்போது வெள்ளை அரசின் படைவீரர் காலணிக்குத் தேவைப்பட்டது. அரசே விலை வகுத்து வாங்கிற்று. போர் முடியும் தறுவாயில், 1918இல், இன்புளூயன்சா என்னும் விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மறு ஆண்டு, 1919இல், பதனிடாத தோலை ஏற்றுமதி செய்வோருக்கு 15 விழுக்காடு வரி விதித்தது அரசு. கச்சாத் தோல் நாட்டிலேயே தங்கட்டும், பதனிடும் தொழில் பிழைக்கட்டும் என்பது நோக்கம். பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் தோலுக்கு மட்டும் வரியில் மூன்றில் இரு பங்கு திருப்பித் தரப்பட்டது என்பது, ஏகாதிபத்தியத்தின் கைவண்ணம்! 1923இல் அந்த வரி 5 விழுக்காடாகக் குறைந்தது.

தொழிலுக்குக் கிடைத்த அந்தக் காப்பு, தொழிலாளிக்குக் கிடைத்ததா? சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். அன்றிருந்த 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திர ஆற்றலால் இயங்கிய பெரிய ஆலைகளையே கண்டது. கையாலும் காலாலும் வேலை நடந்த பதனிடுங் கூடங்களை அது பெரும்பாலும் காணவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வர 1948 ஆக வேண்டியிருந்தது. வரிக் காப்புக்கும் கூலிக் காப்புக்கும் இடையே 29 ஆண்டுகள். ஒரு தலைமுறை!

இந்தப் பழங்கணக்கை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு 2020க்கு வருவோம்.

வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பர் 28இல். நான்கு திங்கள் நிறையுமுன்னர், 2020 மார்ச் 25இல், நாடே பூட்டப்பட்டது. ஐரோப்பியக் கடைவீதிகள் அடைக்கப்பட்டன; ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகள் அடங்கின. வாணியம்பாடிப் பதனிடுங் கூடங்களில் பீப்பாய்கள் சுழலவில்லை. அந்தத் தையல் வரிசைகளில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

நடுவண் அரசு என்ன செய்தது? தேதிகளையே பேசவிடுவோம். மார்ச் 29 அன்று உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது: பூட்டிய நாட்களுக்கும் முதலாளிகள் கூலியைப் பிடித்தமின்றிக் கொடுக்க வேண்டும். நல்ல ஆணை! ஆனால் கொடுப்பதற்கு ஒரு காசும் அதனுடன் வரவில்லை. ஆர்டர் நின்றுபோய், அனுப்பிய சரக்குக்குப் பணமும் வராமல் தவித்த சிறு உற்பத்தியாளரிடம் வெறுங்கையால் முழம்போடச் சொன்னது அந்த ஆணை. அவர்மீது நமக்குப் பகையில்லை. அவர் தவிப்பு மெய்யான தவிப்பு.

மே 12 அன்று பிரதமர் 20 இலட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். மே 17 அன்று வந்த புதிய ஆணை, கூலி ஆணையை மறுநாள் முதல் செல்லாததாக்கிற்று. அது உயிரோடிருந்தது 50 நாட்கள். மே 20 அன்று, அதாவது கூலி ஆணை மடிந்த மூன்றாம் நாள், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு 3 இலட்சம் கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு அரசே முழுப் பிணை நிற்கும் திட்டத்தை அமைச்சரவை ஏற்றது. ஏற்கெனவே உள்ள கடன் நிலுவையில் 20 விழுக்காடு வரை புதுக் கடன். ஓராண்டுக்கு அசல் கட்ட வேண்டா. வங்கி வட்டி 9.25 விழுக்காட்டைத் தாண்டலாகாது. கடன் திரும்பாவிடில் வங்கிக்கு நட்டமில்லை. பொதுமக்கள் பணம் ஈடு கட்டும்.

அந்தப் பிணைப் பத்திரத்தில், ஆட்குறைப்புச் செய்யலாகாது என்று ஒரு வரி உண்டா? இல்லை. கூலி பாக்கியைத் தீர்த்த பிறகே கடன் என்று ஒரு நிபந்தனை? அதுவும் இல்லை. ஜூன் 12 அன்று உச்சநீதிமன்றம், கூலி கொடாத முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாதென்றும், அந்த 50 நாள் கூலி பற்றி இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறிற்று. வங்கிக்கு அரசு பிணை! தொழிலாளிக்கு, பேச்சுவார்த்தை! அடுப்பு அணைந்த வீட்டிலிருந்து ஒரு பெண் சென்று, கம்பெனி வாயிலில் சரிசமமாக அமர்ந்து பேசுவாளாம்!

கூலியைத் தொட்ட உதவி அறவே இல்லை என்று சொல்ல மாட்டோம். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளியும் தொழிலாளியும் செலுத்த வேண்டிய 24 விழுக்காட்டை, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரசே செலுத்திற்று. எங்கே? நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்களில். அவர்களுள் 90 விழுக்காட்டினர் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெறும் இடங்களில். நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் தைக்கின்ற ஆம்பூர்க் கம்பெனிக்கு அது எட்டவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்குச் சில ரூபாய் பெறுகின்ற பெண்ணுக்கோ வைப்பு நிதிக் கணக்கே கிடையாது. அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை; எனவே எந்தத் திட்டத்திலும் இல்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்போர் உண்டு. இருந்தது. ஜெர்மனி, வேலை குறைந்த நாட்களுக்கு இழந்த நிகரக் கூலியில் 60 விழுக்காடும், பிள்ளை உள்ளவருக்கு 67 விழுக்காடும் ஈடு செய்தது. பிரிட்டன் 80 விழுக்காடு கூலியை, மாதம் 2,500 பவுன் உச்சவரம்புடன், முதலாளி வழியே தொழிலாளிக்குச் சேர்த்தது. பெற்ற நிறுவனங்களின் பெயர்களை 2021 முதல் வெளியிட்டது. அமெரிக்காவிலோ, கடனில் குறித்த பங்கு கூலிக்குச் செலவானால் கடனே தள்ளுபடி. பெற்றவர் பட்டியல் நீதிமன்ற ஆணையால் 2020 டிசம்பரில் முழுமையாக வெளிவந்தது. அங்கெல்லாம் மோசடி நடக்கவில்லையா? நடந்தது! பிரிட்டனில் முழுப்பிணைக் கடன்களில் நடந்த மோசடியை அரசு கையாண்ட முறை பொறுக்காமல், 2022 ஜனவரியில் ஓர் அமைச்சர் பிரபுக்கள் சபையிலேயே பதவி விலகினார். பட்டியலும் தணிக்கையும் இருந்ததால் திருட்டு வெளிப்பட்டது.

நம் நாட்டில்? 1.5 கோடி வேலைகள் காப்பாற்றப்பட்டன என்று 2022 ஜனவரியில் ஓர் அறிக்கை வந்தது. வெளியிட்டது, பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு. அத்திட்டத்தில் கடன் கொடுத்த வங்கியே மதிப்பெண்ணும் இட்டுக்கொண்டது! தேர்வு எழுதிய மாணவனே விடைத்தாளைத் திருத்தினால் எந்தப் பள்ளி ஏற்கும்? நாம் பணியாற்றும் பள்ளி ஏற்காது. அந்த மதிப்பீடு பொய்யென்று நாம் சொல்லவில்லை. சரிபார்க்க வழி வேண்டும் என்கிறோம்.

வழி, அரசின் கையிலேயே இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பிணை என்பது பிணை கொடுத்த அறக்கட்டளைக் கம்பெனியின் ஏட்டில் இருக்கிறது. அதே நிறுவனத்தில் 2020 பிப்ரவரியில் எத்தனை பேர், 2021 பிப்ரவரியில் எத்தனை பேர் என்பது வைப்பு நிதி அலுவலக ஏட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே அரசின் ஏடுகள். பெயர்களைக்கூட மறைத்துக்கொள்ளட்டும், ஆம்பூர் வட்டத்துக்கு மட்டும், வாணியம்பாடி வட்டத்துக்கு மட்டும், இரண்டையும் அருகருகே வைத்துக் கூட்டுத்தொகை காட்டச் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதலாம். வீட்டில் தைக்கும் பெண்களின் எண்ணிக்கை அந்த விடையிலும் வராது. அதை நம் இளைஞர்கள் தெருத்தெருவாகச் சென்றுதான் எடுக்க வேண்டியிருக்கும்.