கை வரையும் காணொளி: படமும் எழுத்தும் எங்கே இருக்கவேண்டும்?

வெள்ளைப் பலகை. ஒரு கை வருகிறது. படம் வரைகிறது, பக்கத்தில் எழுதுகிறது, நகர்ந்து போகிறது.

இப்படிப்பட்ட காணொளி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். லண்டனின் ஆர்எஸ்ஏ அமைப்பு 2010இல் வெளியிடத் தொடங்கிய 'ஆர்எஸ்ஏ அனிமேட்' காணொளிகள் இந்தப் பாணியைப் பிரபலமாக்கின. இப்போது வீடியோஸ்கிரைப், டூட்லி போன்ற மென்பொருள்கள் இருப்பதால் வரையத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

படம் தேடுவது சுலபம். அதை எங்கே வைப்பது? பலர் தடுமாறுவது அங்கேதான்.

டெங்கித் தடுப்புக் காணொளி ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்லும் படிகள் ஐந்து:

- இறுகிய மண்ணைக் கிளறுவது
- பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுவது
- வாளியைக் கவிழ்த்து விளிம்பைத் துடைப்பது
- பூச்சாடியில் தண்ணீரை மாற்றுவது
- கூரை வடிகாலை அடைப்பில்லாமல் வைத்து, கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து போடுவது

கண் எங்கே போகும்?

கை போகும் இடத்துக்குத்தான்!

வாளியை இடது மூலையில் வரைந்துவிட்டு, அதற்கான எழுத்தை வலது மூலையில் போட்டால் கண் அலையும். அதற்குள் அடுத்த படமே வந்துவிடும். 'விளிம்பைத் துடையுங்கள்' என்ற வரி பூச்சாடிக்கு அருகில் வந்தால் இன்னும் மோசம். பார்ப்பவர் சாடியைத் துடைப்பார், வாளியை விட்டுவிடுவார்.

படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே இருந்தால் நன்றாகப் புரியும் என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தமது ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

எனவே முதல் விதி: ஒரு படம், அதன் கீழேயே அதன் வரி. ஐந்துக்கும் அதே முறை.

ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வழக்கமான அகலத் திரை 1920க்கு 1080 பிக்சல். ஓரங்களில் சுமார் 5 விழுக்காடு காலியாக விடுங்கள். அதாவது பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல். மிச்சம் இருக்கும் அகலம் 1728.

ஐந்து படங்களை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 300 பிக்சல்தான் கிடைக்கும். கைத்தொலைபேசியில் பார்க்கும் பாட்டிக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரியும்.

மேலே மூன்று, கீழே இரண்டு என வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 500 பிக்சல், நடுவில் 114 பிக்சல் இடைவெளி. கீழ் வரிசையில் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும். கடைசியில் கொசுப் படத்தை அங்கே வரைந்து, மேலே குறுக்குக்கோடு போடலாம்.

கண்ணளவில் நகர்த்த வேண்டாம். படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரே கோட்டில் நிறுத்தும் வசதியையும் சம இடைவெளி வசதியையும் பயன்படுத்துங்கள். மென்பொருளில் அவை இல்லையா? கட்டம் போட்ட ஒரு படத்தை அடியில் வைத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

கேமராவையும் கவனியுங்கள்

சில மென்பொருள்களில் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் இடம் தனியாகப் பதிவாகும். பிறகு படத்தை மட்டும் நகர்த்தினால் கேமரா பழைய இடத்திலேயே நிற்கும். படம் பாதி வெட்டுப்படும். அதனால் முதலில் எல்லாவற்றையும் அடுக்குங்கள், கடைசியில் கேமராவைப் பதிவுசெய்யுங்கள்.

ஒரே காட்சியில் வரும் படங்களுக்குக் கேமரா நிலை ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் திரை ஆடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடம்

ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ் வரி பெரும்பாலும் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்காமல் பெட்டியைப் பெரிதாக்குங்கள். தமிழ் வரியை முதலில் வைத்து அளவெடுத்தால் மற்ற மொழிகளுக்கும் இடம் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால். தமிழை ஆதரிக்காத மென்பொருளில் இவை பிரிந்து, இடம் மாறி நிற்கும்.

என்ன செய்யலாம்? இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரியைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். கோப்பில் கோடுகள் இருக்கும் வரிசையில்தான் கை வரையும். அதையும் சரிபாருங்கள்.

ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாற்றும் முன்பே வேறொருவரிடம் காட்டிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன்...

- கைத்தொலைபேசியில் ஒருமுறை பாருங்கள்.
- வரியின் கடைசி எழுத்து காட்சிக் கருவியின் பொத்தான்களுக்குப் பின்னால் மறைகிறதா?
- செங்குத்துத் திரைக்கும் வேண்டும் என்றால் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மறுபடி அடுக்குங்கள். அகலக் காட்சியை அப்படியே வெட்டினால் இரு பக்கமும் காணாமல்போகும்.

கடைசியாக, ஒலியை நிறுத்திவிட்டு வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். "வாளியை என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.

"கவுத்துட்டு விளிம்பைத் துடைக்கணும்" என்று சொன்னால் போதும். அனுப்பிவிடலாம்.