வெந்நீர்ப் பாத்திரம் சொன்ன சேதி

1996ஆம் ஆண்டு டோக்கியோ மாநகரின் இக்கெபுக்குரோப் பகுதியில், முதிய தாயொருவரும் நோயுற்ற அவர் மகனும் வீட்டினுள்ளே இறந்து கிடந்தனர். அயலார் அதனை அறிந்தது பல நாட்கள் கழிந்த பின்னரே. அத்துயரம் மருத்துவர் ஒருவரின் உள்ளத்தை உறுத்திற்று. அன்றாடம் கையாளும் வீட்டுப் பொருளொன்றே முதியோரின் நலத்தை அறிவிக்கலாகாதா என அவர் வினவினார்.

விடையளித்தது, 1918இல் ஒசாக்காவிலே சுடுநீர்ப் போத்தல் செய்யத் தொடங்கிய சொஜிருஷி நிறுவனம். யானைச் சின்னம் என்பதே அப்பெயரின் பொருள். 2001இல் அது வெளியிட்ட மின் வெந்நீர்ப் பாத்திரத்தினுள் கம்பியில்லாக் கருவியொன்று அடங்கியிருந்தது. தேநீருக்காக நீர் எடுக்கப்பட்ட நேரங்கள், நாளொன்றுக்கு இருமுறை, தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு மின்னஞ்சலாய்ச் சென்றன.

வீட்டிலே கமராவைப் பொருத்தினால், காவலில் வைக்கப்பட்டவர்போல் முதியோர் கூசுவர். கழுத்தில் அணியத் தரும் அபாய மணியோ பெரும்பாலும் மேசை லாச்சியில் உறங்கும். வெந்நீர்ப் பாத்திரம் அத்தகையதன்று. யப்பானிய மூதாட்டிக்கு அது நெடுநாட் பழகிய பொருள். அதன்பொருட்டுத் தம் முதுமையை எவரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. புதிதாய்க் கற்கவேண்டியது ஒன்றே: வெளியே செல்கையில் ஒரு பொத்தானை அழுத்துவது. மறந்தால், வெளியூரிலுள்ள மகன் வீணே பதறுவான்.