பெயர் தெரியாத மாத்திரை

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் அம்மா இருபது வருடம் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பார். சூளையிலிருந்து வந்தவற்றுக்குக் கண் எழுதுவார். 1988இல் ஒருநாள் வேலைக்கு நடுவே அவருக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்துவிடுவேன் என்று அழுதார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்றார் மருத்துவர். சின்னக் காகித உறையில் மாத்திரை வந்தது. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. நாங்கள் ‘படபடப்பு மாத்திரை’ என்றோம்.

பல வருடம் கழித்து, அட்டையோடு வாங்கியபோதுதான் பெயரைப் படித்தேன்: டயஸெபம்.

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும், டயஸெபம் 1963இல் வாலியம் என்ற பெயரிலும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. பழைய பார்பிட்யூரேட் மருந்துகளைவிட இவை ஆபத்துக் குறைந்தவை. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் அங்கே இவற்றை ஆண்களைப்போல் சுமார் இரு மடங்கு பெண்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள். இதே வகையைச் சேர்ந்த செராக்ஸ் மருந்துக்கு 1960களில் ஒரு விளம்பரம் வந்தது. துடைப்பங்களே சிறைக்கம்பிகளாக நிற்க, பின்னால் ஒரு பெண். அவளை விடுவிக்க உங்களால் முடியாது, பதற்றத்தைக் குறைக்கலாம் என்று அது மருத்துவர்களிடம் சொன்னது. கம்பி இருப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இந்த மாத்திரைகளுக்கு உடல் பழகிவிடும் என்பதைப் பெண்களே வெளியே வந்து பேசினார்கள். 1979இல் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் இதுபற்றி விசாரணை நடந்தது.

அதற்கு ஒன்பது வருடம் கழித்து அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. “பொம்பளைக்கு எதுக்கு தினமும் மாத்திரை” என்று உறவினர் ஒருவர் சொன்னதால், ஒன்றரை வருடம் தின்றதை ஒரே நாளில் நிறுத்தினோம். நான்கு இரவு தூக்கம் இல்லை. கை நடுங்கி, கண் எழுத முடியாமல் கூலி போனது. பேய் என்று சொல்லித் திருநீறு போட்டார்கள். திடீரென நிறுத்தியதால் வந்த நடுக்கம் அது என்று இன்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வந்ததற்கும் பெயர் உண்டு. நியூயார்க்கில் டொனால்டு க்ளைன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து திடீர்ப் பீதியைத் தடுப்பதை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். நோயாளிகள் முன்போல் பயந்து ஓடிவரவில்லை என்பதைக் கவனித்துச் சொன்னவர்கள் வார்டில் இருந்த செவிலியர்கள். 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ‘பேனிக் டிஸார்டர்’ தனி நோயாக இடம்பெற்றது. அம்மா மயங்கியபோது அந்தப் பெயருக்கு எட்டு வயது.

எனக்கு அது முப்பத்தாறு வயதில், பேருந்தில் வந்தது. என் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். நீண்ட நாளுக்கு செர்ட்ரலின். அது வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் மட்டும் அல்பிரசோலம். பிறகு அவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். என்னைப் பயமுறுத்துவது எது என்றும் கேட்டார். அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மாத்திரை தவறில்லை, கேள்வியே கேட்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்ததுதான் தவறு.

2014 மார்ச் முதல் அல்பிரசோலமும் டயஸெபமும் ‘எச்1’ பட்டியலில் இருக்கின்றன. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி இருவரின் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். மெடிக்கல் கடை அண்ணன் தயங்கி, “வீட்ல யாருக்கும்மா?” என்றார்.

“எனக்குத்தாண்ணே. என் பேரையே எழுதுங்க.”

வீட்டில் அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இத எப்படி நிறுத்தணும்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்கம்மா.”