வலது மூலையில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

புனேயை ஒட்டிய எங்கள் போசரியில் ஆளைப் பிடித்து மடக்குகிற ஆட்டம் என்றால் முதலில் குஸ்தி, அப்புறம்தான் கபடி. எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைப் பட்டறைகள் சூழ்ந்துகொண்ட பழைய கிராமம் இது. ஊர்த் திருவிழாவான ஜாத்திரைக்கு இன்னும் மல்லுக்கட்டு உண்டு. அதனால் என் பட்டறையில் லேத் ஓட்டும் மராட்டிப் பையன்களுக்குக் கபடி வீரர் தர்மராஜ் சேரலாதனின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதுமே “அண்ணா” என்பார்கள். புரோ கபடி லீக் முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

1975-இல் பிறந்தவர். 2014-இல் அந்த லீக் தொடங்கியபோது வயது 39. மற்றவர்கள் ஓய்வுபெற்று மகனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வயது. மண் தரையில் வெறுங்காலோடு சடுகுடு பழகிய தலைமுறை, ஷூ போட்டுக்கொண்டு மேட் விரிப்பில் இறங்கியது.

அவர் நின்ற இடம் வலது கார்னர். ரைடர் பாடிக்கொண்டு உள்ளே வந்து போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவான். அந்தக் கால் திரும்புகிற நொடிதான் கார்னருக்குக் கிடைப்பது. சற்று முந்தினால் கையில் தொட்டுவிட்டு ஓடிவிடுவான்; பிந்தினால் கால் இருக்காது. சேரலாதன் குனிந்து கணுக்காலைப் பற்றி இழுத்ததும், பக்கத்தில் நிற்கும் கவர் வந்து விழ வேண்டும். எனவே பிடிப்பது ஒருவர் என்றாலும், எப்போது பிடிக்கப்போகிறார் என்பது மற்ற ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பயிற்சியாளர் வேலையைத் தொடங்கியது அங்கேதான் என்பேன், பதவியெல்லாம் பிறகு வந்தது.

2016 அவருடைய வருடம். ஜூலையில் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வயது 41!

அடுத்த வருடம் எங்கள் பக்கம் வந்தார். 2017-இல் புனேரி பல்டனின் இடது கார்னரில் மகாராஷ்டிரத்துக்காரர் கிரிஷ் எர்னக், வலது பக்கம் நம்மவர். பாலேவாடி அரங்கத்தில் அந்த இரண்டு மூலைகளுக்கு நடுவே நுழைய ரைடர்கள் யோசித்தார்கள். கோப்பை வரவில்லை, அது 2024-இல்தான் புனேவுக்கு வந்தது, அப்போது அவர் அணியில் இல்லை.

பிறகு மும்பை, ஹரியானா அணிகள். ஹரியானா ஸ்டீலர்ஸில் 2019-இல் தன் வயதில் பாதிகூட ஆகாத ரைடர்களுக்கு அவர் கேப்டன். 46 வயதில் ஜெய்ப்பூருக்காகவும் களமிறங்கினார்.

2024-இல் தமிழ் தலைவாஸ் அவரை வியூகப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் உதயகுமார். எனக்குச் சின்ன வருத்தம்: வெளியே உட்கார்ந்தால் டைம்-அவுட்டில்தான் பேச முடியும். மூலையில் நின்றபோது ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால் பேசினார்.