யாருடைய நவம்பர் 26?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது: 2019 நவம்பர் 26. விழுப்புரத்திலிருந்து அதைப் பிரித்த நாள். அந்த விழுப்புரமே 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்ததுதான். எல்லைக்கோடு நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு தேதி கிடைக்கிறது. தேதி கிடைத்ததும் அதற்கு ஒரு 'தொன்மை' தேடப்படுகிறது. பத்து வயசுகூட ஆகாத மாவட்டத்துக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு தேவைப்படுகிறது.

தேடுவதற்குப் பெரிதாக அலைய வேண்டியதில்லை, திருக்கோவலூர் இருக்கிறதே. மலையமான் திருமுடிக்காரி, கபிலர், பாரி மகளிர், ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை; தமிழ் படித்தவனுக்கு அந்த ஊர் பெயரைக் கேட்டாலே ஒரு சிலிர்ப்பு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காரி மலையமான், பாரி பறம்பு மலைக்காரன். மலைத் தலைவர்களைப் பாடிப் பாடியே சமவெளி தன் வரலாற்றைக் கட்டமைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டில் வரும் மலைக்குக் குறைவில்லை. மாவட்டத்தின் மேற்கே நிற்கிற, ஆள் வாழ்கிற மலைக்குத்தான் இந்தக் கதையாடலில் இடம் கிடைக்கவில்லை.

கல்வராயன்மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்தோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் கிளம்பிவந்ததாக அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. யார் எந்த மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். பொதுத் தெய்வமான கரியராமர் கோயில் மலையின் சேலம் பக்கத்தில் இருக்கிறது. அதாவது நாம் கொண்டாடும் எல்லைக்கோடு ஒரே சனத்தின் நடுவே ஓடுகிறது. சாமி ஒரு மாவட்டத்தில், கும்பிடுகிறவர்களில் ஒரு பகுதி இன்னொரு மாவட்டத்தில்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் மூன்று ஜாகிர்கள் இருந்தன: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று சொல்லிக்கொள்வார்கள். 1947 வந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மலையில் என்னாச்சு? ஒன்றும் ஆகவில்லை. வரியும் வெட்டி வேலையும் கொத்தடிமையும் அப்படியே தொடர்ந்தன. 1976இல்தான் அரசு மலையைக் கையில் எடுத்தது. அது நெருக்கடி நிலைக் காலம். ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் கிடந்தது. நாடு முழுக்கச் சனங்களுடைய உரிமை பறிபோன நேரத்தில் இந்த மலைச்சனம் ஜாகிரிலிருந்து வெளியே வந்தது. நம்முடைய இடதுசாரி, திராவிடச் சொல்லாடல்கள் எதிலும் இந்த முரண் வசதியாகப் பொருந்தாது. பொருந்தாததாலேயே பேசாமல் விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். இன்னொரு சங்கடமும் உண்டு: ஜாகிர்தார்கள் வெளியார் அல்ல, அவர்களும் மலையாளிகளே. 'வெளியிலிருந்து வந்த ஒடுக்குமுறையாளன்' என்ற எளிய சூத்திரம் இங்கே வேலை செய்யாது.

ஜாகிர் போன இடத்தில் வனத்துறை வந்து நின்றது. உழுதுகொண்டிருந்த நிலத்துக்கு உரிமைப் பட்டா கேட்க 2006 வன உரிமைச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக 1976ஐ விழாவாக எடுக்க அரசுக்கும் தெம்பில்லை. எடுத்தால் 'விடுதலையாகி இருபத்தொன்பது வருசம் இங்கே என்ன நடந்தது' என்று கேட்பார்கள், 'அதற்கப்புறம் நிலம் எங்கே' என்றும் கேட்பார்கள். மலைக்கென்று இருப்பது கோடை விழாதான். துறைவாரியாகக் கண்காட்சி, மேடையில் கலை நிகழ்ச்சி, அமைச்சர் பேச்சு. மலை அங்கே ஒரு காட்சிப்பொருள்.

தேதி என்பது எப்போதும் அதிகாரத்தின் கையில் இருப்பதுதான். தமிழ்நாடு நாள் நவம்பர் 1 என்று 2019இல் ஒரு அரசு சொன்னது, ஜூலை 18 என்று 2021இல் அடுத்த அரசு சொன்னது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. 1974 நிர்வாகச் சீரமைப்பு யார்க்‌ஷயரின் பழைய பிரிவுகளை ஒழித்தபோது, அதை எதிர்த்து அந்த ஊர்க்காரர்களே 1975இல் ஆகஸ்ட் 1ஐ யார்க்‌ஷயர் நாள் என்று கொண்டாடத் தொடங்கினார்கள். அரசு கோடு கிழித்தது, சனங்கள் தேதி வைத்தார்கள். இங்கே கோடும் அரசுடையது, தேதியும் அரசுடையது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். உடனே எல்லோரும் மலையைக் கைகாட்டினார்கள். கொன்றது மெத்தனால், அது தொழிற்சாலைச் சரக்கு, மலை ஓடையோரத்து ஊறல் பானையில் ஊறி வருவதல்ல. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலைச் சனங்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, ரேசன் கடை பற்றியெல்லாம் கேள்வி கேட்டது. கீழே பிணம் விழுந்தால்தான் மேலே ஆள் இருப்பது தெரிகிறது.

1976இல் இருபது வயதிருந்தவர்களுக்கு இப்போது எழுபது ஆகிறது. ஜாகிர்தார் வயலில் வருசத்துக்கு எத்தனை நாள் ஏர் ஓட்டினார்கள், தண்டம் யார் போட்டார்கள், அரசு வந்துவிட்டது என்ற சேதி எந்தப் பாதையில் ஏறி எந்த ஊருக்கு முதலில் போனது என்று அவர்களைத்தான் கேட்க முடியும். வெள்ளிமலைக்குப் பஸ் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர்களுக்கு நடக்க வேண்டியிருக்கலாம்.