இளவரசி மொனோனோகேயும் ததாரா உலைகளும்

ஹயாவோ மியாசாகியின் 'இளவரசி மொனோனோகே' படம் 1997-இல் வெளிவந்தது. காட்டை அழித்து, இரும்பு உருக்கி, துப்பாக்கி செய்யும் ஊர் ஒன்று அதில் வருகிறது. இரும்பு உருக்கும் அந்த உலைக்கு நிஜத்தில் பெயர் ததாரா. மேற்கு ஜப்பானின் ஷிமானே மலைகளில் பல நூற்றாண்டுகள் செழித்த தொழில் அது.

களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டுவார்கள். மூன்று பகல், மூன்று இரவு துருத்தி ஓயாது. கடைசியில் உலையை உடைத்தால்தான் இரும்புப் பாளம் கைக்கு வரும். ஒவ்வொரு முறையும் டன் கணக்கில் கரி வேண்டும். அத்தனையும் காட்டு மரம். மணலுக்காக மலையை அரித்தபோது வந்த மண் ஆற்றுப் படுகைகளை மேடாக்கியது.

படத்தில் துருத்தி மிதிப்பவர்கள் பெண்கள். நிஜத்தில் உலைக்கூடத்துக்குள் அவர்கள் நுழையவே தடை.

மலிவான மேலைநாட்டு உருக்கு வந்ததும் உலைகள் அணைந்தன. வாள் செய்வோருக்காக 1977-இல் ஷிமானேயின் ஒகுயிசுமோவில் ததாரா மீண்டும் மூட்டப்பட்டது.