கரிசல் நிலமும் காயல் துறையும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே வந்தால் காரியாபட்டி எதிர்ப்படுகிறது. வானத்தை நம்பி வாழும் கரிசல் காடுகளும், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கண்மாய்களும், பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் புன்செய்களும் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தின்மீது சரித்திர ஆசிரியர்களின் பார்வை அரிதாகவே விழுந்திருக்கிறது. பாண்டியரின் பெருமையை எழுதப் புகுவோர் தலைநகராகிய மதுரையில் தொடங்கி, முத்தும் குதிரையும் இறங்கி ஏறிய காயல் துறையில் முடித்துவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் கிடந்து, இரண்டையும் இணைத்துத் தாங்கிய உள்நாட்டைப் பற்றி ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் எழுதுவதில்லை. ஆயினும், 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடா முதல் சீனம் வரை பெயர் பெற்று விளங்கிய பாண்டிய ராஜ்யம் எவ்வாறு உருவாயிற்று என்று ஆராய்வோமானால், அதன் அஸ்திவாரத்தில் ஒரு பெரும் பகுதி இத்தகைய வறண்ட ஊர்களிலும், அவற்றின் வழியே பொதி சுமந்து சென்ற வணிகச் சாத்துகளிலும் இருந்தது என்பது புலப்படும்.

மேற்கு மலைச் சாரலில் பிறந்து திருமங்கலத்தைக் கடந்து, காரியாபட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர் வார்த்து, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நாடிச் செல்லும் குண்டாறு, ஆண்டில் பெரும்பகுதி மணல் ஓடையாகவே கிடப்பினும், அதன் கரையில் பழைய நாகரிகத்தின் அடையாளங்கள் நிறைந்திருக்கின்றன. சுந்தரரால் பாடப்பெற்ற திருச்சுழியல் பருத்திக்குடி நாட்டைச் சேர்ந்தது என்று சாசனங்கள் கூறுகின்றன. அதன் அருகே உள்ள பள்ளிமடத்தில், 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள், சுந்தரபாண்டிய ஈச்சரத்துத் திருவிளக்குகளுக்காக அன்பர்கள் ஆடுகளை விட்டுச் சென்ற செய்தியை வரிசை வரிசையாகத் தெரிவிக்கின்றன. நெல் விளையாத நிலத்தில் மந்தையே மூலதனம். அந்த மூலதனத்தைக் கோயில் ஏற்று, இடையர் வசம் ஒப்புவித்து, நாள் தவறாமல் நெய் பெற்றது. செல்வத்தைத் திரட்டுவதற்கும், அதை நம்பிக்கையின்மேல் பிறரிடம் ஒப்படைப்பதற்கும், எழுத்தில் பதிந்து வைப்பதற்கும் இம்மக்கள் அக்காலத்திலேயே பழகியிருந்தனர் என்பதை இக்கற்களால் அறிகிறோம். வணிகத்தின் முதற்பாடமும் இதுதானே!

இப்பழக்கத்துக்கு மற்றொரு துணையும் இருந்தது. காரியாபட்டிக்கு வடக்கே, ஆவியூரை அடுத்த குரண்டி, 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வெண்பு நாட்டுத் திருக்குறண்டி என்னும் பெயருடன் புகழ்பெற்ற ஜைன மடமாக விளங்கியது. அங்கே இருந்த பள்ளிக்குத் திருக்காட்டாம்பள்ளி என்று பெயர். அப்பள்ளியில் பயின்ற ஆசாரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் மதுரைக்கு அண்மையிலுள்ள சமணர் மலையிலும், தெற்கே கழுகுமலையிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்குவித்து, அவற்றின் கீழே தம் ஊரையும் குருவையும் வட்டெழுத்தில் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். கழுகுமலைச் சாசனங்களில் தச்சரும் குயவரும் கொல்லரும் போன்ற தொழிலாளரின் பெயர்களும் காணப்படுவதால், இச்சமயம் அரசரையும் அறிஞரையும் மட்டுமன்றி உழைப்பாளரையும் தழுவி நின்றது என்பது தெளிவு. ஜைன தருமம் உயிர்க்கொலை தவிர்த்த வாழ்வை வற்புறுத்தியமையால் வணிகரிடையே எங்கும் வேரூன்றியது. கன்னட தேசத்துக்கும் தமிழ் நாட்டுக்கும் இடையே துறவிகள் நடந்த வழியிலேயே சரக்குகளும் நடந்தன. இன்று பெரிய ஊர்ப் பெயர்ப்பலகையில் இடம்பெறாத ஒரு சிற்றூர், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டி நாடெங்கும் மாணாக்கரை அனுப்பிய வித்யா ஸ்தானமாக இருந்தது என்பதை நினைக்குந்தோறும் வியப்பும் பெருமிதமும் தோன்றுகின்றன.

கன்னட தேசத்து ஐஹோளேயைத் தம் மூல ஸ்தானமாகப் போற்றிய ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் மாபெரும் வணிகக் குழுவினர் தமிழகத்திலும் பரவிய காலம் இதுவே. நானாதேசிகள், மணிக்கிராமத்தார், வளஞ்சியர் முதலிய பல கூட்டத்தாரும் அவர்களோடு இணைந்தும் தனித்தும் தொழில் நடத்தினர். பதினெட்டுப் பட்டினங்களையும் கடிகைத்தாவளம் எனப்பட்ட சந்தை ஊர்கள் அறுபத்துநான்கையும் தமக்குரியனவாக எண்ணித் தம் சாசனங்களில் அவர்கள் பெருமிதத்தோடு கூறிக்கொள்வர். அரசரைப் போலவே அவர்களுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. வழிப்பறியினின்றும் சரக்கைக் காக்க எறிவீரர் என்னும் படையினரும் உண்டு. தமக்காகப் போரிட்டுத் துணை நின்ற வீரர்கள் வாழ்ந்த ஊர்களை எறிவீரப்பட்டினம் என்று அறிவித்து, அவ்வூரார்மீது தமக்கிருந்த உரிமைகளை விட்டுக்கொடுத்துக் கல் நாட்டினர். நன்றியைச் சட்டமாக்கிய வணிகர் அவர்கள்!

இவ்வணிகர்களுடைய ஒழுங்கை நன்கு காட்டுவது, மதுரைக்கு வடகிழக்கே உள்ள பிரான்மலைக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுச் சாசனம். பல நகரங்களின் வணிகர் ஒன்றுகூடி, தாம் வாங்கி விற்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் ஒரு சிறு பகுதியைக் கோயில் திருப்பணிக்கு அளிப்பதென்று தாமே விதித்துக்கொண்டனர். உப்பு, நெல், பயறு, ஆமணக்கு என்னும் அன்றாடப் பொருள்களும், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, சீரகம், கடுகு என்னும் மளிகையும், இரும்பும், பருத்தியும், நூலும், பரும்புடவை மென்புடவைகளும், சந்தனம், அகில், பட்டு, பன்னீர் போன்ற விலையுயர்ந்த பொருள்களும், குதிரையும் யானையும் அப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. கரிசல் நிலத்துப் பருத்திப் பொதியும், கடல் கடந்து வந்த வாசனைத் திரவியமும் ஒரே கல்லில், ஒரே விதிக்குட்பட்டு நிற்பதைக் காண்கிறோம். எந்த அரசனும் ஆணையிடாமல், தமக்குள் கூடிப் பேசி, தம்மீது தாமே வரி விதித்துக்கொள்ளும் ஒரு சமூகம், ராஜ்யத்துக்குரிய காரியத்தில் பாதியை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும்.

அவர்களுடைய வீச்சு கடலுக்கு அப்பாலும் சென்றது. 9ஆம் நூற்றாண்டிலேயே தாய்லாந்தின் தக்குவாபாவில், நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அவனிநாரணம் என்னும் குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் வைத்தார். சுமத்ராவின் கற்பூரத் துறையாகிய பாரூஸில், 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் கூடி, அங்கு வரும் மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டுமென்று தமிழில் கல் பொறித்தனர். பர்மாவின் பகானில் நானாதேசி விண்ணகரம் எழுந்தது. அதற்கு மலைமண்டலத்து வைஷ்ணவர் ஒருவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்தார். சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டு, தவச்சக்கரவர்த்தி என்னும் சம்பந்தப்பெருமாள், அந்நாட்டை ஆண்ட மங்கோலியக் கானின் அனுமதி பெற்று, அக்கானின் திருமேனி நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். குளம் வெட்டுதல், விதி வகுத்தல், விளக்கேற்றுதல், தாம் வாழும் தேசத்து அரசனுக்காகப் பிரார்த்தித்தல் ஆகிய இந்நான்கும், பள்ளிமடத்திலும் பிரான்மலையிலும் அவர்களுடைய இனத்தார் செய்துவந்த காரியங்களே அல்லவா?

இத்தகைய வலையின் நடுவில்தான் பிற்காலப் பாண்டியர் எழுந்தனர். 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் தன் வெற்றிகளை நெல்லூர்வரை கொண்டு சென்று, சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தான். 1268இல் அவனுக்குப் பின் வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் ஆண்டான். அவன் காலத்தில் உலகின் நிலையும் பாண்டியருக்கு அனுகூலமாயிற்று. 1258இல் பாக்தாது வீழ்ந்த பின் பாரசீகமும், 1279இல் சுங் வம்சம் முடிந்தபின் சீனம் முழுவதும் மங்கோலியர் வசமாயின. இரு கோடியிலும் வர்த்தகத்தை விரும்பிய ஒரே குலத்தார் ஆண்டமையால், இடையில் இருந்த தமிழ்க் கடற்கரை இரு திசைக் கலங்களும் சந்திக்கும் துறையாயிற்று. கொல்லம் முதல் நெல்லூர் வரை விரிந்த இக்கரையை அராபியர் ‘மஅபர்’ என்று அழைத்தனர். சீனத்துப் பெருங்கலங்கள் அங்கு வந்து குவித்த பண்டங்களாலேயே பாரசீக வளைகுடாத் தீவுகளின் செல்வம் பெருகிற்று என்று பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதினார். 1225ஆம் ஆண்டிலேயே சீனத் துறைமுக அதிகாரி ஜாவ் ருகுவா, தமிழகத்துப் பொருள்களில் முத்தோடு பருத்தித் துணிகளையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறார்.

தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த காயலுக்கு, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் வந்துகொண்டேயிருந்தன என்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ கூறுகிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தம் பொறுப்பில் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன. ஒரு குதிரைக்கு 220 தீனார் விலை. வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து அதே விலை கொடுக்கப்பட்டது என்கிறார் வஸ்ஸாப். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசின் மந்திரியாகவும், காயல் முதலிய துறைகளின் அதிகாரியாகவும் அமர்ந்திருந்தார். மாணிக்கவாசகரைப் பாண்டியன் குதிரை வாங்க அனுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குதிரைக்காகக் கருவூலம் காலியாவது புதிய செய்தியன்று. காயலில் இறங்கிய அக்குதிரைகளில் மதுரைக்குச் சென்றவை கரிசல் பூமியைக் கடந்தே சென்றிருக்கவேண்டும். அவற்றுக்குத் தண்ணீர் காட்டிய கண்மாய்களும், புல் கொடுத்த ஊர்களும், வழிக்காவல் நின்ற மறவர்களும் இல்லாமல் குலசேகரனுடைய குதிரைப்படை ஒரு நாளும் நடந்திராது.

முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீனை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என்கிறார் மார்கோ போலோ. வணிகனின் உரிமை, அரசனின் உரிமை, தொழிலாளியின் உரிமை என்று மூன்றும் வரையறுக்கப்பட்டிருந்ததை இதனால் உணரலாம். வந்தேறிய அராபிய வணிகர்கள் அஞ்சுவண்ணம் என்னும் குழுவாக இவ்வமைப்பில் இடம்பெற்றனர். இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள தீர்த்தாண்டதானத்தில், 13ஆம் நூற்றாண்டுச் சாசனம் ஒன்று, அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் பிற வணிகக் குழுவினரும் சேர்ந்து ஒரு சிவாலயத் திருப்பணிக்காகத் தம் சரக்கின்மேல் வரி ஏற்றுக்கொண்டதைத் தெரிவிக்கிறது. மசூதியில் தொழுதவரும் ஆலயத்தில் தொழுதவரும் ஒரு சபையில் அமர்ந்து, ஒரு தருமத்துக்கு உடன்பட்டார்கள். கலாசாரப் பரிவர்த்தனை என்று நாம் இன்று பெரிய வார்த்தையில் கூறுவது, அக்காலத்தில் இப்படி ஒரு சந்தையின் உடன்படிக்கையாக, இயல்பாக நடந்தது.

இவ்வளவு செல்வமும் ராஜ்யத்தைக் காக்கவில்லை. உரிய தீனியும் பராமரிப்பும் தெரியாமையால் ஆண்டு முடிவதற்குள் குதிரைகளில் பெரும்பாலானவை மடிந்தன என்று மார்கோ போலோவும் வஸ்ஸாபும் ஒருங்கே கூறுகின்றனர். பிறநாட்டிலிருந்து வாங்கிய வலிமையை வளர்க்கக் கற்காத அரசு, அதையே மீண்டும் மீண்டும் விலை கொடுத்து வாங்கிற்று. குலசேகரனுக்குப் பின் அவன் மைந்தர் இருவரும் அரியணைக்காகப் போரிட, 1311இல் மாலிக் காபூர் மதுரைக்குள் புகுந்தான். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் டில்லிக்குச் சென்றன என்று அமீர் குஸ்ரு எழுதினார். இருபதாண்டுகளுக்குச் சற்றுப் பிந்தி மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. பாண்டியர் தெற்கே தென்காசிப் பக்கம் ஒதுங்கினர். ஆனால் வர்த்தகம் அழியவில்லை. 15ஆம் நூற்றாண்டில் சீனத்து ஜெங் ஹேயின் கப்பற்படைக்கும் காயல் அறிந்த துறையாகவே இருந்தது. அரண்மனை வீழ்ந்த பின்னும் சந்தை நின்றது. காரணம், சந்தையைக் கட்டிய உடன்படிக்கைகள் ஓர் அரசனின் ஆயுளைச் சார்ந்தவையல்ல.

ஆகவே, இடைக்கால ராஜ்ய நிர்மாணத்தை மன்னரின் படையெடுப்புகளாக மட்டும் எழுதுவது பாதிச் சரித்திரமே. சாத்துகளுக்கு வழியும், துறைகளுக்குச் சரக்கும், கோயில்களுக்கு நிவந்தமும் கொடுத்த உள்நாட்டு ஊர்கள் மற்றப் பாதி. அந்தப் பாதியின் சாட்சிகள் இன்று மிக வேகமாக மறைந்து வருகின்றன. புகழ்பெற்ற குறண்டிப் பள்ளியின் பெருமையைச் சமணர் மலையிலும் கழுகுமலையிலும் படிக்க முடிகிறதேயன்றி, குரண்டியிலேயே காண முடியாதபடி அதன் கட்டடங்கள் அழிந்துபோயின. சாலை விரிவாக்கத்திலும் கண்மாய்த் தூர்வாரலிலும் கோயில் புதுப்பித்தலிலும் எழுத்துள்ள ஒரு கல் வெளிப்படுமானால், அதைப் படிக்கட்டாகவோ துவைகல்லாகவோ மாற்றிவிடாமல், தொல்லியல் துறைக்கு அறிவித்துப் படியெடுக்கச் செய்வது காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்து ஆசிரியர்களும் இளைஞர்களும் ஏற்கவேண்டிய கடமை. பாரூஸிலும் சுவான்ஜோவிலும் தமிழர் நாட்டிய கற்களை அந்நாட்டார் பத்திரமாகப் பேணி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கற்களை நாம் பேண வேண்டும்.